தறி வீட்டுச் சமையல்
(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உடையை உலகுக்கு அளிப்பவர் நெசவாளர். ஆனால் பிறருக்குப் பட்டு நெய்து கொடுக்கும் வீட்டில் வேளைக்கு உணவு ஆவதில்லை என்பதைப் பலரும் அறியார். சங்க அங்கத்தினர்களின் வீடுகளுக்குத் தறி பார்க்கச் செல்லும் என் போன்றவர்கள் இதை அடிக்கடி காண்கிறோம். ஆகையால் இம்மாதப் பாடமாக நூல், சரிகை, கூலி முதலிய விஷயங்களை ஒதுக்கிவிட்டு, அடுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று கருதுகிறேன்.

ஒரு வீட்டில் கண்டது

முன்னாளில் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்ததும், இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததுமான ஆரணி, கமண்டல நாகநதியின் கரையில் உள்ள பட்டு நெசவு ஊர். ஊருக்குள்ளும், சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கலாம். சென்ற ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை, அங்கத்தினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றேன். அன்று புதுப் பாவு பிணைக்கும் நாள். அவருடைய மனைவி விடியுமுன்னரே எழுந்து, பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரித்துக் கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள். அடுப்பு மூட்டப்படவில்லை. ஒன்பது வயதுப் பெண் குழந்தை தூக்குப் பாத்திரத்துடன் ஓட்டலுக்குப் போய், இட்டிலியும் சாம்பாரும் கணக்கில் எழுதச் சொல்லி வாங்கி வந்தது. தகப்பனாரும் குழந்தைகளும் உண்டனர். தாயார் ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் இழையைப் பிடித்தார்.

நான் வழக்கம்போல் சிக்கனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். ஓட்டல் கணக்கு கூலியைத் தின்றுவிடும் என்றேன். அவ்வம்மையார் தலை நிமிராமலே, “ஐயா, பாவு பிணைக்கும்போது நடுவில் எழுந்தால் இழை மாறிப்போகும். அடுப்பும் தறியும் ஒரே வேளையில் கூப்பிட்டால் நான் எதற்குப் போவது?” என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. சிக்கனம் செய்யுங்கள் என்று சொல்வது எளிது. செய்வதற்கு வழி சொல்வதே கடமை. அன்று நான் சொல்ல முடியாத விடையை, பின்னர் அந்தத் தெருவிலுள்ள மூதாட்டிகளிடமும் புத்தகங்களிலும் தேடி அறிந்து இங்கே எழுதுகிறேன்.

நெசவாளரும் உணவுக் கடையும்

கூட்டுறவு இயக்கத்துக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். இயக்கமே அடுப்படியில் பிறந்ததுதான். இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் பலரும் வேறு தொழிலாளர் சிலருமாக 28 பேர் கூடி, 28 பவுன் மூலதனம் சேர்த்து, 1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி ஒரு சிறு கடை திறந்தனர். அதில் விற்றவை வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகிய இவ்வளவே. கலப்படம் இல்லை, கடனும் இல்லை என்பவை அவர்கள் கைக்கொண்ட விதிகள். ஏனெனில், கடனுக்கு வாங்கித் தின்ற கலப்பட உணவு தங்கள் கூலியையும் உடலையும் ஒருங்கே குறைத்ததை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். நம் நாட்டிலும் 1904-ம் வருஷத்தில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் வீட்டுச் சாமான் விற்கும் பண்டகசாலையாகவே தொடங்கிற்று. ஆகவே, அங்கத்தினர் வீட்டு அடுப்பைப் பற்றிச் சங்கம் சிந்திப்பது புதிய காரியமன்று.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்து பேருள்ள வீட்டில் ஒரு காலை ஓட்டல் பலகாரத்துக்கு 120 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பாவு நாள், அவசர நாள் எல்லாம் சேர்த்து மாதத்தில் பத்து நாள் என்றால் 1,200 ரூபாய். வருஷத்தில் 14,400 ரூபாய். இதில் பாதியை மீதப்படுத்தினாலும், மழைக் காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை நிற்கும்போது கைமாற்றுக்கு அலைய வேண்டியிராது.

பணத்தினும் பெரிது உடல்நலம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. டீயைக் குடித்துவிட்டு இழை பிடிக்கும் தாய்மாரை இக்கணக்கோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அரிசியைப் பற்றி அறிய வேண்டியவை

நெல்லுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர் ஆரணி. நம்மவர் பெரும்பாலும் உண்பது புழுங்கலரிசி. இது நம் முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு. நெல்லை ஊறவைத்து ஆவியில் புழுக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி வைட்டமின் என்னும் ஜீவசத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. முற்காலத்துச் சென்னை மாகாணத்தின் வடபகுதியாகிய ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி என்னும் நோய் காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்தது. குன்னூரிலிருந்த உணவு ஆராய்ச்சிச் சாலையார் இக்காரணங்களை ஆராய்ந்தனர். அதன் தலைவராயிருந்த ஐக்ராய்ட் என்பவர், இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைக் கணக்கிட்டு 1937-ம் வருஷத்தில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது.

இவ்வளவு நல்ல அரிசியை நாமே கெடுத்துவிடலாகாது. தண்ணீர் தெளிந்து வரும்வரை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவினால் சத்து கழுநீரோடு போகும். ஓரிரு முறை அலம்பினால் போதும். நிறைய நீர் விட்டு வடித்துக் கஞ்சியைக் கொட்டுவதும் அவ்வாறே. வடிக்காமல் அளவான நீரில் வேகவைப்பது நன்று. வடித்தால் அக்கஞ்சியை உப்பிட்டு அருந்துக.

தமிழ்நாட்டில் நியாய விலைக் கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுகின்றன. அங்கு வாங்கிய அரிசியில் நிறத்தில் சற்று வேறுபட்ட மணிகள் நூற்றுக்கு ஒன்று வீதம் இருக்கக் கண்டால், பிளாஸ்டிக் அரிசி என்று சிலர் பொறுக்கி எறிகின்றனர். இது தவறு. அவை இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 வைட்டமின் ஆகியவற்றை மாவோடு சேர்த்து அரிசி உருவில் செய்து கலந்த மணிகளாகும்.

பாவு நாளுக்குக் கூழ்

மேற்படி வீட்டுக்கு எதிர்வீட்டு மூதாட்டியாரிடம், பாவு நாளில் முற்காலத்தில் என்ன உண்டீர்கள் என்று கேட்டேன். “பாவு நாளுக்குக் கூழ்தான், தம்பி. அதற்கு எங்கே அன்றைக்கு அடுப்பு மூட்டினோம்?” என்றார். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறுவதுதானே கூழ் என்று நான் சொல்ல, அவர் சிரித்து, “அது களிக்கு வழி. கூழுக்கு மாவு புளிக்க வேண்டும்” என்று திருத்தினார். அவர் சொன்ன முறை வருமாறு:

ஐந்து பேருக்கு இரண்டு ஆழாக்குக் கேழ்வரகு மாவை மூன்று ஆழாக்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, முதல் நாள் இரவு மூடி வைக்கவேண்டும். மறுநாள் மாலை, அரை ஆழாக்கு நொய்யை ஆறு ஆழாக்கு நீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறவேண்டும். பச்சை வாடை நீங்கி, கூழ் பளபளப்பாகி, நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதமே சரியான பதம். இதை மூடி வைத்து, அடுத்த நாள் காலையில் மோரும் உப்பும் இட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டால் உணவு ஆயிற்று. பாவு பிணைக்கும் நாளில் அடுப்பே வேண்டாம். பிணைப்பவர் இடையில் கையை எடுத்து ஒரு குவளை அருந்திவிட்டு மறுபடி உட்காரலாம்.

பாவு எந்நாளில் வரும் என்பது இரண்டு நாளைக்கு முன்பே தெரியும். தெரிந்தவுடன் மாவைக் கரைத்துவிடுவதே இதில் உள்ள சூட்சுமம்.

கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் வார்க்கும்போது மாத்திரம் கூழை மதித்து, மற்ற நாளில் ஏழை உணவு என்று வெட்கப்படுவது பொருந்தாது. 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபையே சிறுதானிய வருஷமாகக் கொண்டாடிற்று.

வைக்கோற் பெட்டி

அடுப்பின் அருகில் நிற்காமலே சோறும் பருப்பும் வேகவைக்க ஒரு வழி உண்டு. யுத்த காலங்களில் எரிபொருள் குறைந்தபோது மேனாட்டார் கையாண்ட முறை இது. நம் ஊரில் வைக்கோலுக்குக் குறைவில்லை.

ஒரு மரப்பெட்டியையோ பெரிய கூடையையோ எடுத்துக் கொள்க. அடியிலும் பக்கங்களிலும் நான்கு அங்குல கனத்துக்கு உலர்ந்த வைக்கோலை இறுக அடைத்து, நடுவில் பாத்திரம் பொருந்தும்படி குழி விடுக. உட்புறம் பழைய நூல் சேலையை விரிக்க. வைக்கோல் அடைத்த ஒரு தலையணையை மேலே மூடுவதற்குத் தைத்துக் கொள்க. மூடி இறுகப் பொருந்தும் பாத்திரத்தில் முக்கால் பாகத்துக்குக் குறையாமல் உணவை இட்டு, அடுப்பில் நன்கு கொதிக்கவிட்டு, கொதிக்கும் நிலையிலேயே பெட்டிக்குள் வைத்து மூடிவிடவேண்டும். உள்ளே அடைபட்ட உஷ்ணமே மீதியை வேகவைத்துவிடும்.

புழுங்கலரிசியை அரைமணி ஊறவைத்து, 10 நிமிஷம் கொதிக்கவைத்தபின் ஒன்றரை மணி நேரம் பெட்டியில் இருக்கட்டும். துவரம்பருப்பு இரண்டு மணி ஊறி, 15 நிமிஷம் கொதித்து, இரண்டு மணி பெட்டியில் இருக்கட்டும். ஆவி வெளியேறாமையால் வழக்கத்தினும் சற்றுக் குறைவாக நீர் விடுக. நடுவில் திறந்து பார்க்கலாகாது. திறந்தால் சூடு போய்விடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே விட்டுவைப்பதும் கூடாது. ஆறிப்போயிருந்தால் மறுபடி கொதிக்கவைத்தே உண்ணவேண்டும். வைக்கும் முன் பாத்திரத்தின் அடியில் கங்கும் கரியும் ஒட்டியிராதபடி துடைக்கவேண்டும். பெட்டியை அடுப்புக்கும் தறிக்கும் எட்டவே வைத்துக் கொள்வது அவசியம்.

பிரஷர் குக்கர் உள்ள வீட்டில் அதுவும் வேலையை விரைவாக்கும். ஆயினும் அதை அடுப்பிலிருந்து இறக்க ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். பெட்டி அவ்வாறன்று, அதை மூடிவிட்டு நிம்மதியாகத் தார் சுற்றலாம்.

தறியிறங்குபவருக்கு ஒரு கஞ்சி

நாள் முழுதும் குழித்தறியில் கால் மிதித்து, அந்தியில் எழுந்திருப்பவருக்கு வயிறும் மனமும் குளிர ஒரு கஞ்சி சொல்கிறேன். நொய் இரண்டு ஆழாக்கு, பாசிப்பருப்பு அரை ஆழாக்கு, பூண்டு பத்துப் பல், சீரகமும் வெந்தயமும் ஒவ்வொரு கரண்டி, தட்டிய மிளகு சிறிது, உப்பு ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் 14 ஆழாக்கு நீரில் இட்டு, 10 நிமிஷம் கொதிக்கவிட்டு, வைக்கோற் பெட்டியில் ஒன்றரை மணி வைக்க. ஒரு பாத்திரம், ஒரு வேலை. வறுத்த வேர்க்கடலை, மிளகாய், புளி, பூண்டு, உப்பு சேர்த்து அரைத்த துவையல் இதற்கு ஏற்றது. பூசணம் பிடித்த, கறுத்த, சுருங்கிய கடலைகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் நஞ்சு உண்டாகியிருக்கலாம்.

அரிசியில் குறைவாயுள்ள ஒரு வகைச் சத்து பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாயுள்ளது அரிசியில் உண்டு. இரண்டும் கூடினால்தான் தசை வளர்க்கும் புரோட்டீன் சத்து செவ்வையாகச் சேரும். பாவும் ஊடையும் கூடினால்தான் துணி என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்குக் கீரை

நெசவாளரின் மூலதனம் கண். மெல்லிய பட்டிழையைக் காணும் கண்ணுக்கு ஏ வைட்டமின் தேவை. அது மிகக் குறைந்தால் மாலைக்கண் உண்டாகும். கொல்லையில் நிற்கும் முருங்கை மரமே இதற்கு வைத்தியர். அரை ஆழாக்குத் துவரம்பருப்பைப் பெட்டியில் வேகவைத்துக் கொண்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், சிறிது புளி சேர்த்துக் கொதிக்கவிட்டு, உருவிய முருங்கைக்கீரை இரண்டு மூன்று கை அள்ளி இட்டு, ஐந்து நிமிஷத்தில் இறக்கிக் கடைந்து, கடலையெண்ணெயில் தாளிக்க. எண்ணெய் ருசிக்கு மாத்திரமன்று. கீரையிலுள்ள அச்சத்து உடலில் சேர எண்ணெய் வேண்டும். இதைச் சோற்றுக்கும் களிக்கும் சேர்த்துக் கொள்ளலாம்.

கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச் சத்து இரத்தத்தில் சேர, எலுமிச்சை, நெல்லி, தக்காளி போன்ற புளிப்பு துணை செய்யும். உண்டவுடன் குடிக்கும் டீ அதைத் தடுக்கும். ஆகையால் டீயை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி அருந்துக. டீயே உணவாகிவிடக் கூடாது என்பது முக்கியம். முட்டை உண்போர் வாரத்தில் சில நாள் சேர்த்துக் கொள்ளலாம்.

மற்றொன்று: மஞ்சளும் எண்ணெயும் பட்டுக்கு விரோதிகள். குழம்புக் கையோடு பாவைத் தொட்டால் கறை ஏறி, சேலையின் விலை குறையும். உண்டபின் சோப்பிட்டுக் கைகழுவித் துடைப்பதைக் குழந்தைகளுக்கும் பழக்குக.

வீட்டார் அனைவரும்

இவ்வளவும் சொன்னபின், ஒரு விஷயத்தை ஆடவர்களிடம் சொல்லாமல் முடிப்பது நியாயமாகாது. தறியில் ஆணுக்குப் பெண் துணை நிற்பது போல, அடுப்பில் பெண்ணுக்கு ஆண் துணை நிற்கவேண்டும். மாவு கரைப்பது, பருப்பு ஊறவைப்பது, பாத்திரத்தைப் பெட்டியில் வைப்பது ஆகியவற்றுக்கு நெசவைவிடப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. உணவை ஐந்தாகப் பங்கிட்டபின் யாவரும் ஒரே வேளையில் உண்பது நன்று. கடைசியில் உண்பவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பாத்திரத்தின் அடியே.

தை மாதத்தில் மறுபடி அந்த வீட்டுக்குச் சென்றேன். அன்றும் பாவு நாள். திண்ணையில் கூழ்ப் பானை இருந்தது. கணவர் மோர் ஊற்றிக் கரைத்துக் கொண்டிருந்தார். அவ்வம்மையார் குவளையுடன் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டு எழுந்திருக்க முயன்றார். “குடித்து முடியுங்கள், அம்மா, கணக்குப் புத்தகம் காத்திருக்கும்” என்றேன். அந்தப் பெண் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்றது. ஓட்டல் கணக்கு முழுதும் தீர்ந்துவிடவில்லை, பாதி தீர்ந்திருந்தது.

சங்கக் கூட்டத்தில் வாசித்தபின் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் வீட்டில் மாதத்தில் எத்தனை நாள் ஓட்டல் பலகாரம் வாங்குகிறோம்? அதன் கணக்கு எவ்வளவு?

2. பாவு வரும் நாளை இரண்டு நாள் முன்னதாகவே அங்கத்தினருக்குத் தெரிவிக்கச் சங்கம் ஏற்பாடு செய்யக்கூடுமா?

3. கேழ்வரகு, நொய், பருப்பு ஆகியவற்றை அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி, அங்கத்தினருக்கு ரொக்கத்துக்கு வழங்கலாமா?

4. சங்கக் கட்டிடத்தில் ஒரு வைக்கோற் பெட்டி செய்து, ஒரு கூட்ட நாளில் அதில் கஞ்சி சமைத்து யாவரும் உண்டு பார்க்கலாமா?

5. நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவர் இன்று காலையில் என்ன உண்டார்?

ஐந்தாவது வினாவுக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் வீட்டில் கேட்டறிந்து வந்து, அடுத்த கூட்டத்தில் விடை சொல்வாராக.